ஒரு படத்துக்கு என்ன விலை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் போன வாரம் போன் செய்தார். "சார், பேரன் பிறந்தநாளுக்குச் சின்னதா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கித் தரலாம்னு இருக்கேன். இப்ப காலேஜ் பசங்க எல்லாம் பழைய மாடலைத்தான் தேடுறாங்களாம். மலிவுல எது நல்லா இருக்கும்?" என்றார்.

என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "நீங்கதானே ஆபீசுக்குக் கேமரா வாங்கின ஆளு!" என்றார். சிரித்தேன். ஆனால் அந்தக் கேமராவை நினைத்தால் எனக்கு இன்றும் முழுதாகச் சிரிப்பு வராது. அதைச் சொல்லும் முன் கொஞ்சம் பழைய கதை.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் பெருமையாகச் சொல்வார்: புகைப்படக் கலையை உலகத்துக்கு இனாமாகக் கொடுத்தது பிரான்ஸ் என்று. உண்மைதான். தாகேர் கண்டுபிடித்த முறையை பிரெஞ்சு அரசு விலைக்கு வாங்கி, 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் எல்லோரும் அறிய வெளியிட்டது. பதிலுக்குத் தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் பென்ஷன். அவருக்கு முன்னோடியான நியெப்ஸ் அதற்குள் இறந்துவிட்டதால் அவர் மகனுக்கு 4,000 பிராங்க். பென்ஷன் வாங்குகிற எனக்கு இந்தக் கணக்கு மட்டும் மறக்கவே இல்லை.

வாத்தியார் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. முறைதான் இனாம், படம் இனாம் இல்லை. தாகேரின் தகட்டிலும் வெள்ளி, பின்னால் வந்த பிலிம் சுருளிலும் வெள்ளி உப்பு. ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் கொஞ்சம் வெள்ளி செலவாகும். கேமராவை ஒரு தடவை வாங்கினால் போதும். படத்துக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காசு.

இந்தக் கணக்கு அரசாங்கத்தையே உறுத்தியிருக்கிறது. 1856இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. மதுரை, தஞ்சாவூர் கோயில்களை அவர் எடுத்த படங்களை இன்றும் உலக அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு இது ஆடம்பரச் செலவாகப் பட்டது. அந்தப் பிரிவையே மூடச் செய்துவிட்டார்.

அரசாங்கத்துக்கே அப்படியென்றால் நம் வீடுகள் எம்மாத்திரம்? எங்கள் தலைமுறைக்கு மலிவான கேமரா என்றால் ஆக்பா கிளிக் 3. பரோடாவில் தயாரான கறுப்பு நிற பிளாஸ்டிக் பெட்டி. வெயில், மேகம் என்று குறி போட்டிருக்கும். எது பொருத்தமோ அதற்குத் திருப்பிக்கொண்டு அமுக்க வேண்டியதுதான். 120 சுருளில் 12 படம் விழும். கடன் வாங்கியாவது கேமரா வாங்கிவிடலாம். சுருள், கழுவுகூலி, பிரிண்ட் என்று வந்த பிறகுதான் மூச்சு வாங்கும். அதனால் ஒரு சுருள் பொங்கலுக்குப் போட்டால் தீபாவளிக்குத்தான் வெளியே வரும். "ஆடாதே, அசையாதே, காசு போயிடும்" என்று அதட்டி அதட்டி எடுத்ததால்தான் அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிலிமையாவது உள்நாட்டில் செய்வோம் என்று 1960இல் அரசு தொடங்கியதுதான் ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். தூசி குறைந்த மலைக்காற்று பிலிம் தயாரிப்புக்கு ஏற்றது. தொழில்நுட்பம் கொடுத்தது போஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனி. 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் வந்தன. பிறகு கலர் வந்தது, அதன் பின் டிஜிட்டல் வந்தது. அந்த ஆலை நலிந்து கடைசியில் மூடிவிட்டார்கள்.

டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியைச் செய்தவர், வேடிக்கை பாருங்கள், பிலிம் விற்ற கோடாக் கம்பெனியின் இஞ்சினியர் ஸ்டீவன் சாசன். ஆண்டு 1975. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. அந்த கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. வெள்ளிச் செலவு ஒழிந்தது, இனி அமுக்கினால் காசு இல்லை என்று நாங்களும் நம்பினோம்.

இனி ஆபீஸ் கேமரா. 2005 வாக்கில், திருவள்ளூர் மாவட்டத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்க உத்தரவு வந்தது. முதியோர் உதவித்தொகை கேட்பவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய்க் காசு செலவழிக்க வேண்டாம், முகாமிலேயே படம் எடுத்துவிடலாம் என்பது நல்ல எண்ணம்தான். மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தவன் நான். எனக்குத் தெரிந்த கலம் இரண்டே: மெகாபிக்சல், விலை. மூன்றும் ஒரே மெகாபிக்சல். ஆகவே விலை குறைந்ததற்குச் சிபாரிசு எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஆடிட்டில் ஒரு கேள்வி வரவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் முகாம். பள்ளிக்கூட அறைக்குள் நாற்காலி போட்டு வரிசையாக உட்காரவைத்து எடுத்தோம். ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதி முகம் இருட்டு, மீதி கலங்கல். அந்த கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, லென்ஸும் மட்டம், பிளாஷ் நான்கு அடி தாண்டாது. அறை வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியாது. மெகாபிக்சல் எத்தனை இருந்தாலும் உள்ளே வராத வெளிச்சத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

மறு வாரம் திரும்ப வரச் சொன்னோம். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தோம். குச்சியை ஊன்றிக்கொண்டு வந்த ஒரு ஆயா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "போன தபா புடிச்சியேப்பா, அதுல நான் இல்லியா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொட்டேஷனில் நான் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். அதை அந்த ஆயா வெயிலில் இன்னொரு தடவை நடந்து கட்டினாள். ஒரு படத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது என்ற கலம் என் பட்டியலில் இல்லாமல் போயிற்று.

அந்த மரத்தடிப் படங்களும் இன்று இல்லை. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் நின்றது, அத்தோடு சரி. என் தகப்பனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிளிக் 3 படமோ ஐம்பது வருஷம் கழித்தும் அலமாரியில் இருக்கிறது. காசு கொடுத்துக் கழுவி, பிரிண்ட் போட்டதால் இருக்கிறது.

நண்பருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதிவைக்கிறேன். மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதீர்கள். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 1200க்கு 1800 புள்ளி, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தாலே தாராளம். பெயர் தெரியாத கம்பெனி 48 என்று அச்சடித்திருந்தால் விலகிப் போங்கள். ஜூம் என்றால் லென்ஸ் நகர்கிற ஆப்டிகல் ஜூமா என்று கேளுங்கள்; டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பழையது வாங்கினால் எஸ்டி கார்டு போடுவதாக, பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பென்டார்ச் பேட்டரியில் ஓடுவதாகப் பாருங்கள். கார்டும் பேட்டரியும் கிடைக்காவிட்டால் கேமரா வெறும் டப்பா. கடையிலேயே விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு சோதனையை நான் செய்திருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தில் நூறு பிரிண்டுக்கான காசைத் தனியாக எடுத்துவைத்துப் பேரனிடம் கொடுங்கள் என்றேன். "அதுவும் பட்ஜெட்ல சேர்த்தியா சார்?" என்றார்.

"அதுதான் முதல் ஐட்டம்" என்றேன்.