சந்தாபுராவில் 'லீஸ்' வீடு பார்க்கிறீர்களா? இந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தம் என்று முதலில் கேளுங்கள்

ஓசூர் சாலையில் பொம்மசந்திராவைத் தாண்டி சந்தாபுராவுக்குள் வீடு தேடிப் போனால் 'ரென்ட்', 'லீஸ்' என்று இரண்டு விதமான போர்டுகள் கண்ணில் படும். அகராதியைப் பார்த்தால் லீஸ் என்பதும் குத்தகை, வாடகை ஒப்பந்தம்தான். அப்புறம் எதற்கு இரண்டு போர்டு?

பெங்களூருவில் வீட்டு விஷயத்தில் லீஸ் என்றால் மாத வாடகையே கிடையாது. உதாரணத்துக்கு, 8 லட்ச ரூபாயை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு 2, 3 வருடம் குடியிருப்பீர்கள். காலி செய்யும்போது அதே 8 லட்சம் வட்டியில்லாமல் திரும்ப வர வேண்டும். கன்னடத்தில் 'போக்ய' என்பார்கள். நம்ம ஊரில் ஒத்தி, போக்கியம். யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்திலும் ஒற்றி உண்டு. தென் கொரியாவில் 'ஜொன்சே' என்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அதே சொல் இலங்கையில் வேறு. அங்கே 'லீஸிங்' என்றால் ஆட்டோவையோ வேனையோ மாதத் தவணையில் எடுப்பது. கர்நாடகத் தொழிற்பேட்டை மனைகளில் 'லீஸ் கம் சேல்' என்றால் முதலில் குத்தகை, நிபந்தனைகளை முடித்த பிறகு கிரயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தில் லீஸ் என்பது பிரிவு 105. ஒத்தியோ அடமானத்தில் ஒரு வகை, பிரிவு 58. கொடுத்த பணம் திரும்பும்வரை சொத்தைக் கையில் வைத்திருக்கும் உரிமை அதில் உண்டு. ஆனால் 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும், 2 சாட்சிகளும் வேண்டும். நடைமுறையில் பலரும் 11 மாத 'லீஸ் அக்ரிமென்ட்' எழுதி, நோட்டரி கையெழுத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் போனால் பதிவு கட்டாயம் என்பதுதான் அந்த 11-க்குக் காரணம். பேசியது ஒத்தி, எழுதியது வாடகை! பணம் திரும்பாவிட்டால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

இன்னொரு சிக்கல் இடைத்தரகர்கள். உங்களிடம் லட்சக்கணக்கில் லீஸ் தொகை வாங்குவார்கள்; உரிமையாளருக்கோ மாத வாடகை மட்டும் போகும். தரகர் தலைமறைவானால், "நான் வாடகைக்குத்தானே விட்டேன்" என்பார் உரிமையாளர். பெங்களூருவில் இப்படிப்பட்ட புகார்கள் போலீஸ் வரை போயிருக்கின்றன.

எனவே பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். 'காவேரி' இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் எல்லாம் அதில் தெரியும் என்று சொல்ல முடியாது, 'செர்சாய்' தளத்திலும் தேடுவது நல்லது. ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீடு என்றால், தவணை நின்றதும் 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும். அப்போது நோட்டரி பத்திரத்தை நீட்டி வீட்டில் தொடர்வது ரொம்பக் கஷ்டம்.