குஸ்தாவ் லெ கிரே

கடலையும் வானத்தையும் ஒரே ஒளிப்படத்தில் தெளிவாகக் காட்டிப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே (1820–1884). பாரிசுக்கு அருகிலுள்ள வில்லியே-லெ-பெல் ஊரில் பிறந்தார். முதலில் கற்றது ஓவியம். ஆசிரியர் பால் தெலாரோஷ். இத்தாலியில் சில ஆண்டுகள் தங்கிவிட்டு 1847-இல் பாரிசு திரும்பிய பிறகு கேமராவே அவருடைய பிழைப்பாயிற்று.

வேதியியலிலும் அவர் கைதேர்ந்தவர். காகித நெகட்டிவுக்கு முதலிலேயே மெழுகேற்றி, பிறகு ஒளியுணர் உப்பில் ஊறவைக்கும் முறையை 1851-இல் வெளியிட்டார். நுண்ணிய விவரங்கள் தெளிவாக விழுந்தன. தாளை முன்கூட்டியே தயாரித்துப் பல நாள் வைத்திருக்கவும் முடிந்தது. பயணம் போகும் படக்காரர்களுக்கு இது பெரிய வசதி. பழம்பெரும் கட்டடங்களைப் படமெடுக்கப் பிரெஞ்சு அரசு அதே ஆண்டில் அமர்த்திய ஐவரில் அவரும் ஒருவர்.

1856 முதல் 1858 வரை நார்மண்டிக் கரையிலும் தெற்கே செத் துறைமுகத்திலும் எடுத்த கடற்படங்கள்தான் அவர் பெயரை நிலைநிறுத்தின. அக்காலத்தில் அது எளிய வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் பூசிய கொலோடியன் என்னும் ஒளியுணர் பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அந்தப் பூச்சு நீல நிறத்தை மிகையாக வாங்கிக்கொள்ளும். நீர் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் வெளுத்துப்போகும். தனித்தனியாக வரைந்த காட்சிகளை ஓவியக்கூடத்தில் ஒரே திரையில் இணைப்பது ஓவியர் வழக்கம். லெ கிரே அதையே இங்கும் செய்தார்: வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒன்று, இரண்டையும் தொடுவானக் கோட்டில் பொருத்தி அச்சிட்டார். செத்தில் 1857-இல் எடுத்த ‘பெரும் அலை’ இப்படிப் பிறந்ததே. ஒரே மேகக்கூட்டம் வெவ்வேறு கடல்களின் மேல் நிற்பதை அவர் படங்களில் காணலாம்.

பாய்மரக் கப்பல் ஒன்றைக் காட்டும் 1856-ஆம் ஆண்டுப் படம் இதற்கு விலக்கு. ஒற்றை நெகட்டிவில் பகலில் எடுத்த அதைப் பலரும் நிலவொளிக் காட்சி என்றே நினைத்தார்கள்.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. பாரிசின் கபுசின் பெருஞ்சாலையில் நடத்திய ஸ்டுடியோ நொடித்துப்போக, 1860-இல் எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் கப்பலில் ஏறினார். சிசிலியின் பலெர்மோவில் இத்தாலியப் புரட்சித் தலைவர் கரிபால்டியைப் படமெடுத்தார். மால்டாவில் துமாவுடன் பிணங்கிப் பிரிந்தார். பிறகு லெபனான், அலெக்சாந்திரியா என்று அலைந்து, கெய்ரோவில் ஓவிய ஆசிரியராக நிலைத்து, பிரான்சுக்குத் திரும்பாமலே அங்கு மறைந்தார்.

1999-இல் லண்டன் ஏலத்தில் ‘பெரும் அலை’யின் பிரதி ஒன்று 5,07,500 பவுண்டுக்குப் போயிற்று. ஏலத்தில் ஓர் ஒளிப்படத்துக்கு அதுவரை கிடைக்காத விலை அது.