கண்டிக் கச்சேரியும் நேர்முகப் பரீட்சையும்

நேர்முகப் பரீட்சை என்றதும் நம் மாணாக்கர் அஞ்சுவர். முந்திய முறை யாதென வரலாற்றை நோக்குவோமாயின் அவ்வச்சம் ஓரளவு தணியும்.

1904 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த லெனார்ட் வூல்ஃப், போட்டிப் பரீட்சையிற் சிறப்பிடம் பெற்றவரல்லர். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்தபின் 1907 இல் கண்டிக் கச்சேரிக்கு வந்தார். தமிழும் சிங்களமும் பயின்றார். வந்த கடிதத்துக்கு அன்றே விடை எழுதல் வேண்டுமென வற்புறுத்தினார். அவர் திறமையை உயரதிகாரி ஹியூ கிளிஃபோர்டு கண்டார். 1908 இல், 27 வயதிலேயே, மூத்தோரைக் கடந்து அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார்.

ஆயின், அக்காலத்துச் சுதேச எழுதுவினைஞர் எத்துணை உழைப்பினும் அத்தகைய பதவிக்கு ஏறும் வழி மிகக் குறுகியது. பெரியோர் கண்ணிற் படுவதே அன்றைய நேர்முகம்; அக்கண் எல்லார் மீதும் படவில்லை. 1875 இல் பொன்னம்பலம் அருணாசலம் அச்சேவையிற் புகுந்ததும் போட்டிப் பரீட்சை திறந்த வாயிலினாலேயாம். அவ்வழிப் புகுந்த முதல் இலங்கையர் அவரே.

ஆதலின், தேர்வுச் சபையின் முன் அமர்தல், நம் பிள்ளைகள் தம் தகுதியைத் தாமே எடுத்துரைக்கக் கிடைத்த உரிமையாகும். அதற்குரிய ஆயத்தமோ வூல்ஃபிடம் கற்கத்தக்கது: பணியாற்றும் இடத்து மக்களின் மொழியை அறிதல், கைக்கொண்ட வேலையை அன்றே முடித்தல்.