ஹாதார்ன் ஆய்வுகள்

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த தொடர் சோதனைகள். தொழிலாளரின் உற்பத்தி எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை அளந்து அறிவதே அவற்றின் நோக்கம். பெல் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கருவிகள் செய்துகொடுத்த இந்த ஆலையில் உச்ச காலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் பணியாற்றினர். வேலையை நிறுத்துகடிகாரம் கொண்டு பகுத்த டெய்லரின் முறை (அவரது நூல் 1911-இல் வந்தது) அங்கே ஏற்கெனவே புழங்கிவந்தது.

வெளிச்சச் சோதனைகள் (1924–1927)

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இவற்றைத் தொடங்கியது. மின்துறையினரின் ஆதரவும் இருந்தது. நல்ல வெளிச்சத்தால் உற்பத்தி பெருகும் என்று நிறுவப்பட்டால் பல்பு விற்பவர்களுக்கு என்ன ஆதாயம் என்று விளக்கத் தேவையில்லை. முடிவுகள் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிய பிரிவிலும் உற்பத்தி ஏறியது, கூட்டாத பிரிவிலும் ஏறியது. ஒரு சோதனையில் இரண்டு தொழிலாளர்களை ஓர் அறையில் அமர்த்தி, நிலா வெளிச்சம் அளவுக்கு விளக்கைக் குறைத்தபோதும் அவர்கள் வேகம் குறையாமல் வேலை செய்ததாகப் பதிவு உள்ளது. முழு அறிக்கை வெளிவரவில்லை.

ரிலே அறை (1927–1932)

ஆய்வுகளில் மிக விரிவாகப் பதிவானது இந்த அறையே. தொலைபேசி இணைப்பகங்களுக்கான ரிலே என்னும் சிறு கருவியைப் பூட்டும் ஐந்து பெண்களும், அவர்களுக்கு உதிரிப்பாகங்களை எடுத்து வைக்கும் ஒருவரும் தனி அறைக்கு மாற்றப்பட்டனர். ஒரு ரிலேயில் ஏறக்குறைய 35 பாகங்கள். பூட்டி முடிக்க ஒரு நிமிடம் போல ஆகும். முடிந்த ரிலேயைச் சரிவுக் குழாயில் போட்டால், நகரும் காகித நாடாவில் ஒரு துளை விழும். ஐந்தாண்டு உழைப்பு இப்படித் துளைகளாகப் பதிவானது. அறையின் வெப்பநிலை, ஈரப்பதம் மட்டுமல்ல, அவர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் எழுதிவைக்கப்பட்டன. மருத்துவப் பரிசோதனை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீமும் கேக்கும் கொடுத்ததும் அது சிறு விருந்தாகவே மாறிப்போனது.

மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் புகுத்தப்பட்டன. முதலில் கூலி முறை: பெரும் பிரிவு முழுவதன் உற்பத்தியைச் சார்ந்திருந்த ஊக்கத்தொகை, அந்தச் சிறு குழுவின் உற்பத்தியோடு மட்டும் இணைக்கப்பட்டது. அடுத்து ஐந்து நிமிட ஓய்வு இருமுறை, பத்து நிமிட ஓய்வு இருமுறை, ஐந்து நிமிட ஓய்வு ஆறுமுறை. அடிக்கடி நிறுத்துவதால் வேலையின் ஓட்டம் அறுபடுகிறது என்று ஆறுமுறை ஓய்வைப் பெண்கள் விரும்பவில்லை. காலைச் சிற்றுண்டி, முன்னதாகவே வீடு திரும்புதல், சனிக்கிழமை விடுமுறை என்று சலுகைகள் தொடர்ந்தன. 1928-இல் பன்னிரண்டாம் கட்டத்தில் இவை எல்லாம் திரும்பப் பெறப்பட்டு, ஓய்வில்லாத 48 மணி நேர வாரம் மீண்டும் வந்தது. வாராந்தர மொத்த உற்பத்தி விழவில்லை, உயர்ந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் வேகம் சற்றுத் தளர்ந்திருந்தது. இந்த இரண்டாவது தகவல் பாடநூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1928 ஜனவரியில் இரண்டு பெண்கள் அதிகம் பேசுவதாகவும் ஒத்துழைப்பதில்லை என்றும் சொல்லி வெளியேற்றப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டதும் அப்படியே. வாரத்துக்கு ஒருவர் சுமார் 2,400 ரிலே பூட்டியது காலப்போக்கில் 3,000 அளவை எட்டியது.

ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹார்வர்ட் பேராசிரியர் எல்டன் மேயோ 1928-இல்தான் ஆலைக்கு வந்தார். ஆய்வுகளின் கர்த்தா என அவரைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால், சோதனையைத் தொடங்கி நடத்தியவர்கள் ஆலையின் சொந்த அலுவலர்களே.

நேர்காணல்களும் வயரிங் அறையும்

1928 முதல் 1930 வரை 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். 1931 நவம்பரில் 14 ஆண்கள் கொண்ட வயரிங் குழு ஒன்று ஓர் அறையில் வைத்துக் கவனிக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே களப்பணி செய்திருந்த மானிடவியலாளர் லாயிட் வார்னர் இதற்கு ஆலோசகர். நிர்வாகம் என்ன இலக்கு வைத்தாலும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அந்த ஆட்கள் தமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தனர். அதை மீறி வேகம் காட்டியவருக்கு மேற்கையில் ஒரு குத்து விழும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிங்கிங்'. பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலை வற்றியபோது, 1932 மே மாதம் இந்த ஆய்வும் நின்றது.

விளக்கங்களும் சர்ச்சையும்

ரோத்லிஸ்பெர்கர், டிக்சன் இருவரும் 1939-இல் வெளியிட்ட பெருநூல், கூலியையோ ஓய்வையோ விட மனித உறவுகளும் மேற்பார்வையின் தன்மையுமே முக்கியம் என்று வாதிட்டது. கவனிக்கப்படுவதாலேயே ஒருவரது நடத்தை மாறுவதைக் குறிக்கும் 'ஹாதார்ன் விளைவு' என்ற தொடர் 1950-களில் பரவியது. ஹென்றி லேண்ட்ஸ்பெர்கரின் 1958-ஆம் ஆண்டு நூலே அதன் தோற்றுவாய் எனப் பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு முன்பே அது வழங்கியது என்ற கருத்தும் உண்டு. 1967-இல் அலெக்ஸ் கேரி, சான்றுகள் கூலியின் பங்கையே காட்டுகின்றன என்றார். 1978-இல் ஃபிராங்க், கவுல் இருவரும் புள்ளியியல் வழியாக ஆராய்ந்து, ஆள்மாற்றத்தின் வழி வந்த கண்டிப்பும் பெருமந்தத்தின் நெருக்கடியும் பெரும்பங்கு வகித்தன என்றனர். ஐந்தே பேரின் கணக்கிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் உடன்பாடு இல்லை.

ஆலை 1983-இல் மூடப்பட்டது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட வெளிச்சச் சோதனைத் தரவுகள் கிடைத்து, 2011-இல் லெவிட், லிஸ்ட் ஆகிய பொருளியலாளர்களால் மறுபடி ஆராயப்பட்டன. விளக்குகள் பெரும்பாலும் ஞாயிறன்று மாற்றப்பட்டதையும், மாற்றாத வாரங்களிலும் திங்களன்று உற்பத்தி உயர்வதையும் அவர்கள் சுட்டினர். மருத்துவ ஆய்வுகளில் இவ்விளைவு பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, பங்கேற்பதால் நடத்தை மாறுவது உண்டு, ஆனால் அது எந்த நிலையில், எவ்வளவு என்பது தெளிவாகவில்லை என்ற அளவில் நின்றது.