எல்லைக் கல்லும் கணிப்பொறியும்



அரசுகள் மாறினும் மாறாத வினா ஒன்று உழவன் நெஞ்சில் உண்டு. ‘என் நிலம் எதுவரை?’ என்பதே அது. அவ்வினாவிற்கு நம் நாட்டார் விடை கண்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

சோழர் காலக் கல்வெட்டுக்கள் நிலப்பரப்பை வேலி, மா, காணி, முந்திரி எனப் பகுத்துரைக்கின்றன. நான்கு திசை எல்லைகளையும் வாய்க்கால், வழி, மரம் ஆகியவற்றால் சுட்டுகின்றன. ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோகும், மரம் பட்டுப்போகும். எனவே, அசையாத புள்ளிகளும் அவற்றிடையே அளந்த தொலைவுகளும் வேண்டியிருந்தன.

இத்தேவைக்காக 1794-இல் சென்னையில் எட்டு மாணவருடன் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. அதுவே பின்னர்க் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டினை எஃகுச் சங்கிலியால் அளந்தார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கிடலாம் அன்றோ? அவ்வாறே முக்கோணம் முக்கோணமாக இந்திய நாடு அளக்கப்பட்டது.

ஊர்ப்புற வயலை அளந்ததும் இதே அறிவால்தான். வயலின் மூலைகளில் கற்கள் நட்டனர். கல்லுக்குக் கல் நேர்கோடு பிடித்து, அக்கோட்டினின்று மற்ற மூலைகளுக்குச் செங்குத்தளவு எடுத்துப் புலப்படத்தில் பதிந்தனர். அளவுக்கருவி 66 அடிச் சங்கிலி. அதில் 100 கண்ணிகள். ஓராயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட் ஆகும். அடிக்கோடு 400 கண்ணி, செங்குத்தளவு 150 கண்ணி எனில், முக்கோண நிலத்தின் பரப்பு 30,000 சதுரக் கண்ணி, அதாவது 30 சென்ட். செங்குத்தளவில் ஒரே ஒரு கண்ணி, ஏறத்தாழ எட்டு அங்குலம், பிசகினால் 87 சதுர அடி போய்விடும். ஏழையின் ஓர் அறை அது!

இன்று கருவி மாறிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் எண், வடக்களவு, கிழக்களவு, உயரம், குறிப்பு ஆகியன கணிப்பொறியில் ஏறுகின்றன. புள்ளிகளை இணைத்து மூடிய உருவம் அமைத்தால் மனைப்பரப்பு உடனே தோன்றுகிறது. ‘சிவில் 3டி’ போன்ற மென்பொருளில் இரு மனைகளுக்கும் பொதுவான கோட்டை நகர்த்தினால் ஒன்று குறைய மற்றொன்று கூடும். தமிழ்நாட்டுப் புலப்படங்களும் ‘கொலாப்லேண்ட்’ என்னும் மென்பொருளின்வழிக் கணிப்பொறி வடிவம் பெற்றுள்ளன.

நான் வாழும் மேல்விஷாரத்தின் ஊடே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்கிறது. தோல் பதனிடும் தொழில் வளர்ந்த இவ்வூரில் வயலாய் இருந்தவை மனைகளாகவும் தொழிலிடங்களாகவும் பகுக்கப்பட்டன. பகுப்புகள் பெருகப் பெருக, ஒரு கல் இடம் பெயர்ந்தாலும் பல குடும்பங்கள் வழக்கில் சிக்குகின்றன.

கணிப்பொறி பத்துத் தசமத்தானம்வரை கணக்கிடும். ஆனால் இரவில் எவரேனும் கல்லைப் பெயர்த்து நட்டதை அது அறியாது. கொடுத்த புள்ளியைக் கொண்டே அது கோடு வரையும். கல்லைப் பேணும் கடமையை 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் நிலவுடையார்மேல் வைத்ததன் நுட்பம் இதுவே.

எனவே, நாளைய பொறியாளர்களே, திரையில் மனை வரையுமுன் வயலுக்குச் சென்று கல்லைத் தேடுங்கள். புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கின் நேர்மை அக்கல்லில் தொடங்குகிறது.