அட்டைப் பெட்டியிலிருந்து சர்வர் வரை: செஞ்சிலுவையின் பெயர்ப் பட்டியல்

"தொண்டு நிறுவனத்துல திருட என்ன சார் இருக்கு?" வடக்கனந்தல் பக்கம் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பேங்க்கில் பெரிய பணம் இருக்காது. ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். அதன் மதிப்பு புரிய ஜெனீவா வரை போய்வர வேண்டும்.

1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், சர்வதேச செஞ்சிலுவைக் குழு அங்கே போர்க்கைதிகளுக்கான தகவல் மையம் ஒன்றைத் திறந்தது. மகனைக் காணோம் என்று வீட்டிலிருந்து கடிதம் வந்தால் அந்தப் பெயருக்கு ஒரு அட்டை. எதிரி நாடு அனுப்பும் கைதிகள் பட்டியலில் இருக்கும் பெயருக்கு இன்னொரு அட்டை. ஒரே ஆளின் இரண்டு அட்டைகளும் ஒன்று சேர்ந்தால், அவன் என்ன ஆனான் என்று வீட்டுக்குச் சொல்லலாம். டேட்டாபேஸில் நாங்கள் 'ஜாயின்' என்போமே, அதைக் கையாலேயே செய்திருக்கிறார்கள்! சுமார் 70 லட்சம் அட்டைகள் சேர்ந்தன. அவ்வளவையும் ஒருவன் திருட வேண்டுமானால் லாரி லாரியாக ஏற்றியிருக்க வேண்டும்.

அதே வேலை பின்னாளில் சர்வருக்கு மாறியது. போர், இடப்பெயர்வு, பேரிடர் ஆகியவற்றில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பணி அது. 2022 வாக்கில் செஞ்சிலுவை, செம்பிறை அமைப்புகள் சராசரியாக ஒரு நாளைக்கு 12 பேரைக் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு சேர்த்து வந்தன. 2022 ஜனவரி 18 அன்று அந்த சர்வர்களில் யாரோ புகுந்திருப்பது தெரிந்தது. 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருந்தது: காணாமல் போனவர்கள், அவர்கள் குடும்பத்தார், சிறையில் இருப்பவர்கள். சர்வர்களை இணைப்பிலிருந்து துண்டித்ததால் தேடும் வேலையும் முடங்கியது.

எப்படிப் புகுந்தார்கள்? இங்கேதான் கதை நம்ம ஊருக்குத் திரும்புகிறது. பாஸ்வேர்டை ஊழியர்களே மாற்றிக்கொள்ள உதவும் ஒரு மென்பொருளின் ஓட்டை அது. தயாரித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு. ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை அவர்கள் 2021 செப்டம்பரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்க அரசு அமைப்புகளும் அதே மாதம் எச்சரித்தன. ஆனால் பேட்ச் உரிய நேரத்தில் போடப்படவில்லை என்று செஞ்சிலுவைக் குழுவே பின்னர் வெளிப்படையாகச் சொன்னது. நவம்பர் 9-ல் நுழைந்தவர்கள் 70 நாள் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். விவரங்கள் நகலெடுக்கப்பட்டிருக்கும் என்றே கருத வேண்டும் என்றது குழு.

இது யாரோ வெளிநாட்டுக்காரர்கள் விவகாரம் என்று தோன்றலாம். இலங்கையில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனதாகச் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவாகியிருக்கிறது. மகனைத் தேடும் ஒரு தாய், யாரிடமும் சொல்லத் துணியாத விவரத்தையும் அங்கே நம்பிக் கொடுத்திருப்பார். அது வெளியே போனால் அடுத்த தாய் வாய் திறக்க மாட்டார். இழப்பு அதுதான்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இயங்கும் சின்ன அமைப்புக்கும் இதே கணக்குதான். கொத்தடிமையிலிருந்து மீண்டவர்கள், நிறுத்தப்பட்ட குழந்தைத் திருமணங்கள், நோயாளிகள் என ஒரு எக்செல் கோப்பு போதும், யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க. ஆகவே அப்டேட் கேட்டால் அன்றே போடுங்கள். ஈமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். வேலை முடிந்த பட்டியலை அழித்துவிடுங்கள். தேவையில்லாத விவரத்தை முதலில் கேட்கவே கேட்காதீர்கள்.

1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் சிவப்புச் சிலுவையைப் போர்க்களத்தின் பாதுகாப்புச் சின்னமாக்கியது. இப்போது சர்வர்களுக்கும் அப்படியொரு டிஜிட்டல் சின்னம் வேண்டும் என்று அந்தக் குழு முயன்று வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் சின்னத்தை மதிப்பவனைத்தான் அது தடுக்கும். மதிக்காதவனுக்கு பேட்ச்தான் பூட்டு.