கல் சேர்த்தவர்களும் கணக்கெழுதியவரும்

பிரெஞ்சு வழியில் படித்த புதுச்சேரிக்காரன் நான். அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியே ஓய்வு பெற்றேன். அதனாலோ என்னவோ, ரொமே தெ லில் மீது எனக்குத் தனிப் பிரியம்.

பீரங்கிப் படையொன்றின் செயலாளராக இந்தியா வந்தவர் அவர். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயரிடம் கைதியானார். 1764இல் பிரான்சு திரும்பினார்.

அந்நாளில் பாரிஸ் செல்வந்தர்களுக்குக் கனிமக் கற்கள் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. தாவிலா என்பவரின் சேகரிப்புக்கு 1767இல் இவர் அட்டவணை எழுதினார். பார்த்துப் பார்த்து எழுதியதில் படிகங்கள் பிடிபட்டன. உதவியாளர் கராஞ்ஜோ செய்துகொடுத்த கோணமானியால் அளந்தார். ஒரே கனிமத்தின் படிகம் சிறிதோ பெரிதோ, அதன் முகங்களுக்கிடையிலான கோணம் மாறாது என்று 1783இல் காட்டினார்.

கல் அடுத்தவருடையது, விதி இவருடையது. குமாஸ்தா வேலைதானே என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைத்தான் சொல்வேன்.